டென்டகிளுக்கு ‘வீச்சுக்கை’: ஒரு முன்மொழிவு

நண்பர்களே,

பெருங்கணவாய் (giant squid) பற்றி நாம் எழுதும் கட்டுரையில் டென்டகிளுக்கு, அதாவது உடலிலிருந்து நீளும் மெல்லிய உறுப்புக்கு (tentacle), ‘உணர்கொம்பு’ என்று போடலாம் என முந்தைய மடலில் ஒரு கருத்து வந்திருந்தது. நத்தைக்கு அது சரி. ஹைட்ரா என்ற சிறு நீருயிரிக்கு ‘உணர்நீட்சி’ இருக்கட்டும். கணவாய்க்கு இரண்டுமே ஒத்துவராது. அங்கே இந்த உறுப்புக்கு முதல் வேலை இரையைப் பிடிப்பது.

கணவாய்க்கு எட்டுக் கைகள், அவை போக நீளமான டென்டகிள்கள் இரண்டு. கைகளில் அடியிலிருந்து நுனிவரை ஒட்டுறிஞ்சிகள் வரிசையாக இருக்கும். டென்டகிளில் பெரிய உறிஞ்சிகள் எல்லாம் அகன்ற நுனியில் குவிந்திருக்கும். ஒவ்வொன்றின் விளிம்பிலும் பல் பல்லாக, கைட்டின் என்ற கடினமான பொருளால் ஆன ஒரு வளையம். எண்ணெய்த் திமிங்கிலத்தின் தோலில் வட்ட வட்டமாகத் தழும்பு விழுவது இந்த வளையங்களால்தான். பெருங்கணவாயில் இன்னொரு அருமையான ஏற்பாடும் உண்டு. டென்டகிளின் தண்டு நெடுகச் சிறு உறிஞ்சிகளும் குமிழ்களும் இருக்கின்றன. ஒன்றின் உறிஞ்சி மற்றதன் குமிழில் பிரஸ் பட்டன் மாதிரிப் பொருந்திக்கொள்ள, இரண்டும் இணைந்து நிற்கும். அப்படியே இரையின் மேல் பாயும்.

டென்டகிள் இரையைப் பிடிக்கத்தான் என்பதற்குச் சான்று ஜப்பானிலிருந்து கிடைத்தது. 2004இல் ஆய்வாளர்கள் குபோதெராவும் மோரியும் ஒகசவாரா தீவுகளுக்கு அருகே தூண்டிலோடு கேமராவை இறக்கினார்கள். சுமார் 900 மீட்டர் ஆழத்தில் ஒரு பெருங்கணவாய் இரையைத் தாக்கி, டென்டகிள் மாட்டிக்கொண்டு நான்கு மணி நேரத்துக்கு மேல் போராடியது. கடைசியில் டென்டகிள் அறுந்து, 5.5 மீட்டர் நீளத் துண்டு தூண்டிலோடு மேலே வந்தது. படகின் தளத்தில் கிடந்தபோதும் அதன் உறிஞ்சிகள் தளத்தையும் நீட்டிய விரல்களையும் பற்றிப் பற்றி இழுத்தன! பெருங்கணவாய் மந்தமாக மிதந்து கிடக்கும் பிராணி என்ற பழைய எண்ணம் இதோடு ஆட்டம் கண்டது.

அதனால் என் முன்மொழிவு ‘வீச்சுக்கை’. வீச்சுவலை நம் கடற்கரையில் புழங்கும் சொல். வீசிப் பிடிக்கும் கை என்று கேட்டவுடன் விளங்கும். இயற்பியலில் ‘வீச்சு’ வேறு பொருளில் இருக்கிறதே என்று கேட்கலாம். ‘கை’ சேர்ந்த பிறகு அந்தக் குழப்பம் வராது. ஆக்டோபஸுக்கு, அதாவது பேய்க்கணவாய்க்கு, எட்டுக் கைகள் மட்டும்தான். அதற்கும் டென்டகிள் என்று எழுதும் பழக்கம் ஆங்கிலப் பத்திரிகைகளிலேயே இருக்கிறது. தமிழில் ‘கை’, ‘வீச்சுக்கை’ என்று பிரித்துவிட்டால் அந்தத் தவறு நம்மிடம் வராது.

நீளக் கணக்குக்கும் இந்தப் பிரிவு அவசியம். 1887இல் நியூசிலாந்தின் லயல் விரிகுடாவில் ஒதுங்கிய கணவாய்க்கு 55 அடி என்று பதிவானது. கைகளை நீக்கிய உடற்பை 6 அடிகூட இல்லை! வீச்சுக்கை இழுத்தால் நீளும். அதைச் சேர்த்து அளந்ததால்தான் இப்படிப்பட்ட எண்கள் கிளம்பின. இன்றைய மதிப்பீடு, வீச்சுக்கையோடு சேர்த்து, அதிகபட்சம் 12, 13 மீட்டர். ஆகவே நம் கட்டுரையில் எங்கே நீளம் வந்தாலும், வீச்சுக்கை சேர்த்ததா சேர்க்காததா என்று கட்டாயம் எழுத வேண்டும்.

அப்புறம், அண்டார்க்டிக் கடலில் இருக்கும் மற்றொரு பெரிய கணவாய் (colossal squid). அதற்கும் ஒரு பெயர் வேண்டும். 2007இல் ராஸ் கடலில் பிடிபட்டது 495 கிலோ. நீளத்தில் பெருங்கணவாயை எட்டாது, எடையில் மிஞ்சும். அதன் வீச்சுக்கை நுனியில் சுழலும் கொக்கிகள் உண்டு. ‘கொக்கிப் பெருங்கணவாய்’ போதும் என்பது என் கருத்து. ‘ராட்சத’, ‘மாபெரும்’ என்று அடுக்கினால் எது எது என்றே தெரியாது.

தூத்துக்குடி, இராமேசுவரம் பக்கத்து நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். ஊசிக்கணவாயின் அந்த இரண்டு நீளக் கைகளை அங்கே மீனவர்கள் எப்படிக் குறிப்பிடுகிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள். புழக்கத்தில் ஒரு சொல் இருந்தால் ‘வீச்சுக்கை’யை விட்டுவிட்டு அதையே எடுத்துக்கொள்வோம்.