ஒரே இட்லி, இரண்டு சர்க்கரை: ‘உங்கள் உடம்புக்கான உணவு’ ஆப்புக்குப் பணம் கட்டலாமா?

முதுநகர்வாசி
கடலூர் முதுநகரில் ஒரே வீட்டில் வளர்ந்த அண்ணன் தம்பி நாங்கள். எனக்கு 41, அவனுக்கு 38. எடை ஏறக்குறைய ஒன்றுதான். அப்பாவுக்குச் சர்க்கரை இருந்தது, எங்களுக்கு இதுவரை இல்லை. போன வாரம் இருவரும் கையில் சர்க்கரை சென்சார் ஒட்டிக்கொண்டோம். ஞாயிறு காலை அம்மா சுட்ட மூன்று இட்லி, ஒரே பாத்திரத்துச் சாம்பார். ஒரு மணி நேரத்தில் எனக்கு 178, அவனுக்கு 126. எண்ணைக்கூட விடுங்கள், அவன் சிரித்த சிரிப்பைத்தான் தாங்க முடியவில்லை.

கூடவே வந்த ஆப், குடல் நுண்ணுயிரைப் பார்க்கும் மலப் பரிசோதனையும் ஆறு மாதச் சந்தாவும் சேர்த்துக் கட்டினால் என் உடம்புக்கு எது ஒத்துவரும் என்று பட்டியல் தருவதாகச் சொல்கிறது. மாதிரிக்குக் காட்டியதில் இட்லிக்குச் சிவப்பு, முந்திரிக்குப் பச்சை. பண்ருட்டிக்குப் பக்கத்தில் இருப்பவனுக்கு முந்திரியை அறிமுகப்படுத்த ஒரு ஆப்! சரி, கட்டலாமா வேண்டாமா?

பாகூர் ஏரி
கட்டுங்கள். உங்கள் வீட்டில் நடந்ததை இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனம் 2015-லேயே பெரிய அளவில் பார்த்துவிட்டது. 800 பேர், ஒரு வாரம், சென்சாரோடு கிட்டத்தட்ட 47,000 சாப்பாடு. ஒருவருக்கு வாழைப்பழம் சர்க்கரையை ஏற்றியது, பிஸ்கெட் ஏற்றவில்லை. இன்னொருவருக்கு நேர்தலைகீழ். குடல் நுண்ணுயிர், ரத்தப் பரிசோதனை, தூக்கம், உடற்பயிற்சி எல்லாவற்றையும் கணினிக்குக் கொடுத்து, யாருக்கு எது எவ்வளவு ஏற்றும் என்று முன்கூட்டியே கணித்தார்கள். கார்போஹைட்ரேட்டை மட்டும் எண்ணிப் போடும் கணக்கைவிட அது நன்றாகவே வேலை செய்தது.

2020-இல் பிரிட்டனில் 1,002 பேரை வைத்து இதே மாதிரி ஆய்வு வந்தது. பெரும்பாலும் இரட்டையர்கள். மரபணு முழுக்க ஒன்றான இரட்டையருக்கே ஒரே சாப்பாட்டுக்கு வெவ்வேறு ஏற்றம். நீங்கள் வெறும் அண்ணன் தம்பி.

லாஸ்பேட்டை டீச்சர்
தம்பி, பணத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். முதலில் ஒன்று சொல்லுங்கள்: அதே மூன்று இட்லியை இன்னொரு நாள் சாப்பிட்டுப் பார்த்தீர்களா? உங்களுக்கே இரண்டாம் முறை 178 வருமா?

அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் இருந்த கெவின் ஹாலின் குழு இதைத்தான் சோதித்தது. சர்க்கரை நோய் இல்லாதவர்களை ஆய்வுக்கூடத்திலேயே தங்கவைத்து, அளந்த சாப்பாட்டைக் கொடுத்து, ஒரு வாரம் கழித்து அதையே மறுபடி கொடுத்தார்கள். ஒரே ஆள், ஒரே தட்டு, ஆனால் ஏற்றம் வேறு. இரண்டு வெவ்வேறு சாப்பாட்டுக்கு நடுவே எவ்வளவு வித்தியாசமோ, ஏறக்குறைய அவ்வளவு. இப்படி இருக்கும்போது இட்லிக்குச் சிவப்பு, முந்திரிக்குப் பச்சை என்று ஒரே நாளை வைத்துத் தீர்ப்பு எழுதுவதற்கு என்ன அர்த்தம்?

பாகூர் ஏரி
டீச்சர், வைஸ்மன் ஆய்விலும் ஒரே உணவைத் திரும்பக் கொடுத்தார்கள். அங்கே ஒரே ஆளின் இரண்டு அளவுகளும் ஓரளவு ஒத்தே வந்தன. ஒரு ஆய்வைப் பிடித்துக்கொண்டு இன்னொன்றை விட்டால் எப்படி?

மஞ்சக்குப்பம் லேப்
லேபில் பதினெட்டு வருஷமாக இருக்கிறேன். சென்சாரைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். அது ரத்தத்தைத் தொடுவதில்லை. தோலுக்கடியில் செல்களைச் சுற்றி இருக்கும் நீரில் சர்க்கரையைப் பார்க்கிறது. அதனால் ரத்தத்தில் ஏறிச் சில நிமிடம் கழித்துத்தான் அதில் தெரியும். அந்தக் கைமேல் படுத்துத் தூங்கினால் பொய்யாக இறங்கும். ஒரே ஆளுக்கு இரண்டு கம்பெனி சென்சாரை ஒட்டினால், எந்தச் சாப்பாடு அதிகம் ஏற்றியது என்பதிலேயே இரண்டும் ஒத்துப்போகாமல் போவதுண்டு. இன்சுலின் போடுகிறவருக்கு அது உயிர்காக்கும் பொருள், குறை சொல்லவில்லை. அண்ணன் தம்பி பந்தயத்துக்குச் செய்த பொருள் இல்லை.

ரொட்டிக்கடை
புதுச்சேரியில் எங்கள் அடுப்பு தாத்தா காலத்தில் இருந்து எரிகிறது. பிரெஞ்சு ரொட்டிதான் போடுவோம். இப்போது வருகிறவர்கள் எல்லாம் புளித்த மாவு ரொட்டி இருக்கிறதா, அதுதான் சர்க்கரைக்கு நல்லது என்கிறார்கள். 2017-இல் அதே இஸ்ரேல்காரர்கள் 20 பேருக்கு ஒரு வாரம் வெள்ளை ரொட்டி, ஒரு வாரம் முழுக்கோதுமைப் புளித்த ரொட்டி கொடுத்தார்கள். சராசரியில் வித்தியாசமே இல்லை. சிலருக்கு வெள்ளை ரொட்டியில் குறைவாக ஏறியது, சிலருக்குப் புளித்ததில். இதை வாடிக்கையாளரிடம் சொன்னேன், நம்பவில்லை. இப்போது இரண்டும் போடுகிறேன், புளித்ததுக்கு விலை கூட.

லாஸ்பேட்டை டீச்சர்
ரொட்டிக்கடைக்காரரே, உங்களுக்கு யார் ஜெயித்தாலும் லாபம்!

பாகூர் ஏரி, ஆய்வுக்கு ஆய்வு மோதவேண்டாம். பலன் கிடைத்ததா என்று பார்ப்போம். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் 609 பேரைப் பிரித்து ஒரு கூட்டத்துக்குக் கொழுப்புக் குறைந்த சாப்பாடு, இன்னொன்றுக்கு மாவுச்சத்துக் குறைந்தது, 12 மாதம். 2018-இல் முடிவு வந்தது. சராசரியாக 5 கிலோவுக்கு மேல், 6 கிலோ வரை இறங்கியது, இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட சமம். ஒவ்வொரு கூட்டத்திலும் சிலர் 25 கிலோவுக்கு மேல் இளைத்தார்கள், சிலர் எடை கூடினார்கள். அப்படியானால் ஆளுக்கு ஆள் வித்தியாசம் உண்டு, அதை நான் மறுக்கவே இல்லை. ஆனால் மரபணுவைப் பார்த்தோ இன்சுலின் சுரப்பைப் பார்த்தோ யாருக்கு எது ஒத்துவரும் என்று கணிக்க முடியவில்லை. வித்தியாசம் இருப்பது வேறு, அதை முன்னாலேயே சொல்லத் தெரிவது வேறு. ஆப்காரர் முதலாவதைக் காட்டி இரண்டாவதை விற்கிறார்.

இன்னொன்று. 2023-இல் வந்த ஐ.சி.எம்.ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) கணக்கில் நாடு முழுக்கச் சர்க்கரை நோய் 11.4 சதவீதம், நம் புதுச்சேரியில் 26.3. கோவாவுக்கு அடுத்து நாம்தான். வளர்ந்தவர்களில் நாலில் ஒருவர்! இது ஆளாளுக்கு வந்த தனிக்கதையா? தட்டு நிறையச் சோறு, ஓரத்தில் ஒரு கரண்டி பொரியல், நடை கிடையாது. ஊருக்கே பொதுவான கதை.

பாகூர் ஏரி
ஊருக்குப் பொதுவாக ‘சோற்றைக் குறை’ என்று முப்பது வருஷமாகச் சொல்லித்தானே 26 சதவீதத்தில் நிற்கிறோம்? பொதுவாகச் சொன்னால் யாரும் தன்னைச் சொல்வதாக எடுத்துக்கொள்வதில்லை. 178 என்று தன் கையிலேயே பார்த்தால்தான் உறைக்கிறது.

எடை ஒன்றுதானே என்ற நினைப்புக்கும் ஒரு பதில் இருக்கிறது. புனேயின் யாஜ்னிக், லண்டனின் யுட்கின், இரண்டு மருத்துவர்களும் தங்களையே அளந்து 2004-இல் படத்தோடு வெளியிட்டார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ, அதாவது உயரத்தோடு ஒப்பிட்ட எடைக் கணக்கு, 22.3. உடலில் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. தராசு ஒன்று காட்டும், உள்ளே வேறு இருக்கும்.

அப்புறம், 2025-இல் ஸ்டான்ஃபோர்டில் இருந்தே 55 பேர் ஆய்வு. சோற்றுக்கு முன்னால் நார்ச்சத்தோ புரதமோ கொழுப்போ சாப்பிட்டால் ஏற்றம் குறைகிறது. ஆனால் இன்சுலின் சரியாக வேலை செய்யாதவர்களுக்கு அந்த உபாயம் அவ்வளவாகப் பலிக்கவில்லை. முதலில் காய், பிறகு சோறு என்று எல்லாருக்கும் ஒரே அறிவுரை சொன்னால், யாருக்கு அதிகம் தேவையோ அவருக்குத்தான் குறைவாக உதவுகிறது. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

லாஸ்பேட்டை டீச்சர்
நல்ல கேள்வி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இன்சுலின் சரியாக வேலை செய்யாத அந்த நிலை, இன்சுலின் எதிர்ப்பு, இருக்கிறதா என்று ஓரளவு அறிய இடுப்பளவும் வெறும்வயிற்று ரத்தப் பரிசோதனையும் போதும். மலத்தைக் கூரியரில் அனுப்ப வேண்டாம். பால் ஒத்துக்கொள்ளாதவர் தயிருக்கு மாறுகிறாரே, அதுவும் தனிநபர் உணவுதான். நம் பாட்டிகள் சந்தா வாங்காமல் கண்டுபிடித்தது.

முதுநகர்வாசி
டீச்சர் சொன்னதால் இன்று மறுபடி செய்தோம். அதே மூன்று இட்லி, அதே நேரம். எனக்கு 139. தம்பிக்கு 151. இப்போது அவன் சிரிக்கவில்லை.

யோசித்துப் பார்த்தால், அந்த ஞாயிறுக்கு முந்தின இரவு நான் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு கல்யாண வரவேற்பு முடிந்து, பரோட்டா தின்று, ஒரு மணிக்குத்தான் படுத்தேன். நேற்று அவன் இரவு ஷிப்ட்.

மஞ்சக்குப்பம் லேப்
தூக்கம் கெட்டால் மறுநாள் சர்க்கரை கூடுதலாக ஏறும். அதுவே காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன், இருக்கலாம். இருவரும் ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் பரிசோதனையைப் பார்த்துவிடுங்கள். அப்பாவுக்கு இருந்தது என்கிறீர்கள், அது இட்லியைவிட முக்கியம்.

பாகூர் ஏரி
அவசரப்பட வேண்டாம். உங்கள் இரண்டு நாளின் சராசரி 158.5. தம்பிக்கு 138.5. இன்னும் இருபது வித்தியாசம் அப்படியே இருக்கிறது. டீச்சர் இதை எங்கே வைப்பார்?

லாஸ்பேட்டை டீச்சர்
இரண்டே நாளை வைத்துச் சராசரியா? என் எட்டாம் வகுப்பில் இப்படி எழுதினால் பாதி மார்க்தான். சென்சார் எத்தனை நாள் பாக்கி, தம்பி?

முதுநகர்வாசி
ஐந்து நாள். ஐந்து நாளும் மூன்று இட்லி என்று அம்மாவிடம் யார் சொல்வது?