அமெரிக்கத் தேர்தல் நன்கொடை ஊழல்களும் ஊடகச் சாய்வும்: உங்களை இன்னும் உறுத்துகிற அந்த ஒரு இடம் எது?

பேரேடு:

ஷி லாய் பௌத்தக் கோயிலில் ஜனநாயகக் கட்சிக்கு நிதி திரட்ட நடந்த விருந்தை விரிவாக விளக்க வேண்டியதில்லை. கலிஃபோர்னியா, ஹசியெண்டா ஹைட்ஸ், 1996 ஏப்ரல் 29, வந்தவர் துணை அதிபர் அல் கோர். எல்லாரும் அந்தப் பந்தியையே பேசுகிறார்கள். எனக்கு உறுத்துவது மறுநாள்.

ஜனநாயகக் கட்சிக்கு வசூல் பார்த்த ஜான் ஹுவாங், விருந்துக்கு ஏற்பாடு செய்த மரியா ஷியாவிடம் ஒரு லட்சம் டாலர் கேட்கிறார். சேர்ந்திருந்தது 45,000. குறை 55,000. உடனே பதினொரு துறவிகள் ஆளுக்கு 5,000 டாலருக்குச் செக் எழுதுகிறார்கள். அந்தப் பணத்தைக் கோயில் அவர்களுக்குத் திருப்பித் தருகிறது. முடிந்தது கணக்கு.

தொகையில் தப்பே இல்லை என்பதைக் கவனியுங்கள். அப்போது ஒருவர் தேசியக் கட்சிக் கமிட்டிக்கு வருஷத்துக்கு 20,000 வரை தரலாம். தப்பு பணம் வந்த வழியில். கொடுத்தது ஒருவர், பெயர் இன்னொருவர். நம்மூர் பாஷையில் பினாமி. அதிலும் கொடுத்தது வரிவிலக்கு பெற்ற மத அமைப்பு. உலகைத் துறந்த பிக்குணிக்கு 5,000 டாலர் ஏது என்று செக்கை வாங்கிப் பதிவு செய்தவருக்கு ஒரு நிமிஷம்கூடத் தோன்றவில்லையா?

1997 செப்டம்பர் 4 அன்று ஃப்ரெட் தாம்சனின் செனட் கமிட்டி முன் பிக்குணிகள் சாட்சி சொன்னார்கள். ஆவணங்களை அழித்ததையும், செக்குகளில் பிற்பாடு குறிப்பு எழுதிச் சேர்த்ததையும் ஒப்புக்கொண்டார்கள். மூன்று பெரிய நெட்வொர்க்குகளில் ஒன்றுகூட நேரலை செய்யவில்லை. இதே விஷயம் ஒரு குடியரசுக் கட்சித் துணை அதிபருக்கு நடந்திருந்தால்? வலதுசாரிகள் இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் கேட்கிற கேள்வி அதுதான்.

தெற்குவாசல்:

பேரேடு சார், தேதியைச் சொன்னீர்கள், அந்த வாரத்தைப் பார்த்தீர்களா? ஆகஸ்ட் 31 டயானா விபத்து. செப்டம்பர் 5 அன்னை தெரசா மறைவு. செப்டம்பர் 6 டயானா இறுதிச் சடங்கு. நடுவில் 4ஆம் தேதி உங்கள் பிக்குணிகள். அந்த வாரம் குடியரசுக் கட்சித் துணை அதிபரே சாட்சிக் கூண்டில் நின்றிருந்தாலும் டிவிக்காரன் லண்டனில்தான் இருந்திருப்பான். அது இடதுசாரிச் சாய்வு இல்லை, கண்ணீர்ச் சாய்வு.

இன்னொன்று. இந்த ஊழலை வெளியே கொண்டுவந்தது யார்? வலதுசாரி வானொலியா? 1996 செப்டம்பரில் தென்கொரிய நிறுவனத்தின் கிளை ஒன்று கொடுத்த 2,50,000 டாலரைக் கிளறியது லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ். கட்சி உடனே அதைத் திருப்பிக் கொடுத்தது. 1997 பிப்ரவரியில் சீனத் தூதரகம் வரை கோடு இழுத்தது வாஷிங்டன் போஸ்ட். நியூயார்க் டைம்ஸில் வில்லியம் சஃபயர் விடாமல் எழுதினார். 'ஊடகம் மறைத்தது' என்று சொல்லும்போது எந்த ஊடகம் என்று சொல்லுங்கள். பத்திரிகை தோண்டியது, டிவி சோம்பியது. இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டினால் வாதம் நிற்காது.

பேரேடு:

ஒரு வாரத்துக்கு டயானா பதில். விசாரணை ஜூலை 8 முதல் அக்டோபர் 31 வரை நடந்தது, மற்ற வாரங்களுக்கு என்ன பதில்? 1987இல் குடியரசுக் கட்சி ரீகன் ஆட்சியின் ஆயுத விற்பனை ஊழலான ஈரான்-கான்ட்ரா விசாரணைக்கு இதே நெட்வொர்க்குகள் பகல் சீரியல்களை நிறுத்திவிட்டு நேரலை போட்டன. பத்திரிகைகள் பற்றிச் சொன்னது சரி, மறுக்கவில்லை. ஆனால் தேர்தல் நேரத்தில் ஓட்டுப் போடுகிறவர்களில் பெரும்பாலோர் பார்த்தது ராத்திரி டிவிச் செய்தியைத்தான்.

ரசீது ராஜா:

எனக்கு உறுத்துவது கோயில் இல்லை, அந்த உறை. 1996 மார்ச். சார்லி ட்ரை, ஒரு காலத்தில் கிளின்டனின் மாநிலத் தலைநகர் லிட்டில் ராக்கில் சீன உணவகம் நடத்தியவர், கிளின்டன் தம்பதியின் வழக்குச் செலவுக்காக வைத்திருந்த அறக்கட்டளை அலுவலகத்துக்கு வந்து 4,60,000 டாலரை உறையிலிருந்து எடுத்து வைக்கிறார். செக்குகளும் மணி ஆர்டர்களும். வேறு வேறு ஊர், வேறு வேறு பெயர், ஆனால் சில மணி ஆர்டர்களின் எண்கள் அடுத்தடுத்து வருகின்றன. ஒரே கையெழுத்து. 'அதிபர்' என்ற ஆங்கிலச் சொல்லில் ஒரே எழுத்துப்பிழை. மொய் நோட்டில் ஊரே ஒரே கையெழுத்தில் இருந்தால் நமக்குச் சந்தேகம் வராதா? அறக்கட்டளைக்காரர்களுக்கும் வந்தது. விசாரித்துவிட்டுத் திருப்பினார்கள். ஆனால் விஷயம் வெளியே தெரிந்தது டிசம்பரில். தேர்தல் நவம்பர் 5. வெள்ளை மாளிகை மேல்மட்டத்துக்கு மாதக்கணக்கில் முன்பே தெரியும். இதில் ஊடகத்தைக் குறை சொல்ல வழியில்லை, தெரிந்தால்தானே எழுத?

சரி, இப்படிப்பட்ட பினாமி நன்கொடையை நீங்களே கண்டுபிடிக்கலாம். யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன்.

ஃபெடரல் தேர்தல் ஆணையத்தின் தளத்தில் தனிநபர் நன்கொடைப் பட்டியல் இருக்கிறது. முதலில் வேட்பாளரின் கமிட்டியைத் தேர்ந்தெடுங்கள். வேட்பாளர் பெயரில் தேடாதீர்கள், ஒரே ஆளுக்கு இரண்டு மூன்று கமிட்டி இருக்கும். பிறகு தேதி வாரியாக அடுக்குங்கள். ஒரே நாளில், உச்சவரம்புக்குச் சரியாக, ஒரே முதலாளியிடம் வேலை பார்க்கும் பலரிடமிருந்து வந்திருந்தால் அங்கே நிறுத்துங்கள். அடுத்து 'தொழில்' பத்தி. மேனேஜர் கொடுத்தால் சரி. அவர் அலுவலக ரிசப்ஷனிஸ்ட்டும், காலேஜ் படிக்கும் பிள்ளையும் அதே தொகையை அதே நாளில் கொடுத்திருந்தால் கேள்வி வருகிறது. பிறகு அதே ஆட்கள் முந்தைய தேர்தல்களில் ஒரு பைசாவாவது கொடுத்தார்களா என்று பாருங்கள். திடீரென முளைத்து நேரே உச்சவரம்புக்குப் போகிறவர்கள் குறைவு.

2007இல் ஜனநாயகக் கட்சிக்கு நிதி திரட்டிய நார்மன் சூ மாட்டியது கிட்டத்தட்ட இப்படித்தான். சான் ஃபிரான்சிஸ்கோ பக்கம் டேலி சிட்டியில் ஒரு தபால்காரர் வீட்டு முகவரியிலிருந்து இரண்டு லட்சம் டாலர் போயிருந்தது. சூ கொடுத்த அதே சமயத்தில், அதே ஆட்களுக்கு. வால் ஸ்ட்ரீட் ஜர்னல் அதை எழுதிய கையோடு, ஆள் 1992 முதல் கலிஃபோர்னியாவில் தலைமறைவுக் குற்றவாளி என்று லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் எழுதியது. ஹிலரி பிரச்சாரம் சுமார் 260 பேருக்கு 8,50,000 டாலரைத் திருப்பியது. இத்தனைக்கும் அந்த மனிதர் மேடைகளில் ஹிலரியோடு படம் எடுத்துக்கொண்டுதான் இருந்தார்.

ஏமாறக்கூடிய இடங்களும் உண்டு. மொத்தம் 200 டாலரைத் தாண்டாதவர் பெயரை வேட்பாளர் கமிட்டி வெளியிடத் தேவையில்லை, எனவே பட்டியலில் இல்லாததை 'மறைத்தார்கள்' என்று எழுதாதீர்கள். பெயர் எழுத்து மாறினால் ஒரே ஆள் மூன்று பேராகத் தெரிவார். திருப்பிக் கொடுத்த பணம் வரவுப் பட்டியலில் கழியாது, செலவுப் பட்டியலில் தனியாக இருக்கும். அதைப் பார்க்காமல் 'வரம்பு மீறினார்' என்று வீடியோ போட்டவர்கள் ஏராளம்.

நடுப்பக்கம்:

2008 அக்டோபர். ஒபாமா கணக்கில் 'டூடாட் ப்ரோ' என்று ஒரு நன்கொடையாளர், 17,130 டாலர். 'குட் வில்' என்று இன்னொருவர்: வேலை கொடுத்தவர் 'லவிங்', தொழில் 'யூ'. எல்லாம் சின்னச் சின்னத் தொகையாக, நூற்றுக்கணக்கான தடவை. வரம்போ ஒருவருக்கு ஒரு தேர்தலுக்கு 2,300. அந்த இரண்டு சொல்லை யாரோ தட்டச்சு செய்ய, கணினி ஏற்றுக்கொண்டு, அதே வடிவில் ஃபெடரல் ஆவணத்தில் ஏறியிருக்கிறது பாருங்கள், அதுதான் எனக்கு உறுத்துவது.

வலதுசாரித் தளங்கள் அப்போது கூவியது 'கிரெடிட் கார்டு முகவரிச் சரிபார்ப்பை அணைத்துவிட்டார்கள்' என்று. வாஷிங்டன் போஸ்ட்டும் அக்டோபர் 29 அன்று அந்த ஓட்டையை எழுதியது. ஆனால் அந்தச் சரிபார்ப்பு எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்து திட்டியவர்கள் குறைவு. அது வங்கிக்கு அனுப்புவது வீட்டு எண்ணையும் ஜிப் கோடையும் மட்டும். வங்கி 'இரண்டும் பொருந்துகிறது', 'ஜிப் மட்டும்', 'எதுவும் இல்லை' என்று ஒற்றை எழுத்தில் பதில் தரும். ஏற்பதா வேண்டாமா என்று முடிவு செய்வது வாங்குகிறவர். பெயர் இதில் வராது. ஆக டூடாட் ப்ரோ சரியான முகவரியைப் போட்டிருந்தால் சரிபார்ப்பு இருந்தாலும் தாண்டியிருப்பார். கார்டுக்குப் பின்னால் உள்ள மூன்று இலக்கமும் அப்படித்தான். கார்டு கையில் இருக்கிறது என்று காட்டும், யாருடைய கை என்று காட்டாது.

பிரச்சாரத்தின் பதில், 'பணம் வந்தபின் பின்பக்கத்தில் சோதிக்கிறோம்' என்பது. அப்படியானால் 17,130 வரை ஏன் போனது? அதற்குத்தான் கடைசிவரை ஒழுங்கான பதில் இல்லை. சின்ன நன்கொடையாளர் பட்டியலையும் ஒபாமா தரப்பு வெளியிடவில்லை. இந்த இடத்தில் வலதுசாரிகள் கேட்டது நியாயம்.

அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை: கிரீன் கார்டு இருந்தால் நன்கொடை தரலாம். எச்1பியில் இருப்பவர் ஒரு டாலர்கூடத் தரக் கூடாது, நகராட்சித் தேர்தலுக்கும் கூடாது. கம்பெனி கார்டில் போடாதீர்கள். 'நீ கொடு, நான் அப்புறம் தருகிறேன்' என்று நண்பர் சொன்னால் ஓடிவிடுங்கள். அந்த ஒரு வாக்கியம்தான் குற்றம்.

பழைய பேப்பர்:

எல்லாரும் ஒரே பக்கத்தைத் தோண்டுகிறீர்கள். தாம்சன் கமிட்டியிலேயே குடியரசுக் கட்சிக் கணக்கும் வந்தது. அக்கட்சியின் அப்போதைய தேசியத் தலைவர் ஹேலி பார்பர் நடத்திய நேஷனல் பாலிசி ஃபோரம் என்ற அமைப்பு, ஹாங்காங் வணிகர் ஒருவரின் நிறுவனம் உத்தரவாதம் போட 21 லட்சம் டாலர் கடன் வாங்கியது. அதைப் பற்றி எத்தனை வலதுசாரிக் கட்டுரை வந்தது? வலதுசாரி எழுத்தாளர் தினேஷ் டிசூசா 2012இல் தெரிந்தவர்கள் பெயரில் 20,000 டாலர் போட்டு, 2014இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். கோயிலில் நடந்ததும் இதுவும் ஒரே குற்றம், அளவுதான் வேறு. அவருக்கு மட்டும் 'அரசியல் பழிவாங்கல்' என்றார்கள், 2018இல் டிரம்ப் மன்னிப்பும் கொடுத்தார்.

குடியரசுக் கட்சியின் ஆன்லைன் வசூல் தளமான வின்ரெட் கதை இன்னும் மோசம். 2020இல் டிரம்ப் பிரச்சாரப் பக்கத்தில் 'மாதாமாதம் எடுத்துக்கொள்' என்ற பெட்டி ஏற்கனவே டிக் செய்யப்பட்டிருக்கும். செப்டம்பரில் அது 'வாராவாரம்' ஆனது. கூடவே இன்னொரு டிக், தொகையை இரட்டிப்பாக்க. நடுவில் கொட்டை எழுத்தில் கோஷம், டிக்கின் அர்த்தம் அடியில் பொடி எழுத்தில். ஒரு தடவை கொடுக்க வந்த ஓய்வூதியக்காரர் வங்கிக் கணக்கு காலியானபின் புகார் செய்தார். அந்த ஆண்டு டிரம்ப் தரப்பு திருப்பிய பணம் 12 கோடி டாலருக்கு மேல், பைடன் தரப்பு சுமார் 2.1 கோடி. நியூயார்க் டைம்ஸ் 2021 ஏப்ரலில் எழுதியது. ஏமாந்தது யார்? உங்கள் கட்சியின் சொந்த ஆதரவாளர்கள்.

பேரேடு:

வின்ரெட் விஷயத்தில் சண்டை இல்லை, அது பகல் கொள்ளை. ஆனால் சாய்வே இல்லை என்கிறவர்கள் திவாலான கிரிப்டோ நிறுவனம் எஃப்டிஎக்ஸின் தலைவர் சாம் பேங்க்மேன்-ஃப்ரைட் 2022 நவம்பரில் கொடுத்த பேட்டியைக் கேளுங்கள். இரண்டு கட்சிக்கும் ஏறக்குறைய சமமாகக் கொடுத்தேன், குடியரசுக் கட்சிக்குக் கொடுத்தது மட்டும் பெயர் தெரியாத வழியில், காரணம் நிருபர்கள் குதிப்பார்கள் என்றார். திருடன்தான், வாய்ச்சொல்லுக்கு வேறு சாட்சியும் இல்லை. ஆனால் அந்தப் பக்கம் அவருடைய சகா ரயன் சலாமே பெயரில் போனது, அவருக்கு 2024இல் ஏழரை ஆண்டு சிறை கிடைத்தது. கொடுக்கிறவனே ஊடகத்தைப் பார்த்துப் பயந்து வழியை மாற்றுகிறான் என்றால், டிவியில் எத்தனை நிமிஷம் வந்தது என்று எண்ணுவதைவிட அது பெரிய சாட்சி.

தெற்குவாசல்:

நிமிஷக் கணக்கு பேச்சு வந்ததால் ஒன்று. மீடியா ரிசர்ச் சென்டர் போன்ற வலதுசாரி அமைப்புகள் 'இந்த ஊழலுக்கு இத்தனை வினாடி, அந்த ஊழலுக்கு இத்தனை நிமிஷம்' என்று போடும்போது மூன்றைப் பாருங்கள். காலை நிகழ்ச்சியும் சேர்ந்ததா, மாலைச் செய்தி மட்டுமா? மாலைச் செய்தியில் விளம்பரம் போக மிஞ்சுவதே இருபத்துச் சொச்சம் நிமிஷம். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை? கைது நடந்த வாரத்தை ஒரு பக்கமும் புகார் கொடுத்த வாரத்தை மறுபக்கமும் வைத்தால் எதையும் நிரூபிக்கலாம். கேபிள் சேனலை ஏன் விட்டார்கள்? எண்ணிக்கை பெரும்பாலும் சரியாகவே இருக்கும், எதோடு எதை ஒப்பிட்டார்கள் என்பதில்தான் வேலை நடக்கும்.

ரசீது ராஜா:

பழைய பேப்பர் வின்ரெட் சொன்னதால் ஜனநாயகக் கட்சியின் வசூல் தளமான ஆக்ட்ப்ளூவையும் முடித்துவிடுகிறேன். 2023இலிருந்து சுற்றும் வீடியோக்களில் ஒரு வயதான அம்மா வீட்டுக் கதவைத் தட்டி, 'உங்கள் பெயரில் ஆயிரக்கணக்கான நன்கொடை இருக்கிறதே' என்பார்கள். அவர் முழிப்பார். சிலது உண்மையிலேயே பெயர்த் திருட்டாக இருக்கலாம், விசாரிக்கட்டும். அப்போது கார்டின் மூன்றிலக்க எண்ணைக் கேட்காமலே பணம் வாங்கியது பெரிய அசட்டை. ஆனால் பட்டியலில் எத்தனை வரி இருக்கிறது என்பதை வைத்து மட்டும் குதிக்காதீர்கள். வேட்பாளர் கமிட்டிக்கு 200 டாலர் வரை சலுகை உண்டு, நடுவில் நின்று பணத்தைக் கைமாற்றிவிடும் தளத்துக்கு அது இல்லை. அது ஒரு டாலரைக்கூடப் பெயரோடு எழுத வேண்டும். ஒருவர் 20 டாலரை இருபது வேட்பாளர்களுக்குப் பிரித்துக் கொடுத்தால் இருபது வரி. அதை வாராவாரம் என்று வைத்திருந்தால் வருஷத்துக்கு 1,040 வரி. மொத்தத் தொகையைக் கூட்டிப் பாருங்கள், அப்புறம் அந்த ஊரின் மற்ற முதியவர்களோடு ஒப்பிடுங்கள்.

கூட்டும்போது ஒரே பணத்தை இரண்டு தடவை எண்ணிவிடாதீர்கள். தளத்தின் கணக்கில் ஒரு தடவை, வேட்பாளர் கணக்கில் ஒரு தடவை என்று அதே பணம் இரண்டு இடத்தில் நிற்கும்.