ஆடும் இருக்கணும், மரமும் வளரணும்: வழி சொல்லுங்கள்

மேட்டுநிலம்:
மூன்று ஏக்கர் மானாவாரி நிலம், வெள்ளாடுகள், இரண்டு மாடு. வைக்கிற கன்றையெல்லாம் ஆடு கடித்துவிடுகிறது. மேய்ச்சலை நிறுத்தவும் முடியாது, ஆடு விற்றுத்தான் வீட்டுச் செலவு ஓடுகிறது. கோடையில் தீவனம் வாங்கியே கையில் இருப்பது கரைகிறது. என்ன மரம் வைக்கலாம்?

பட்டிக்காரர்:
தம்பி, கன்று வாங்கும் முன் நிலத்தை ஒருமுறை குனிந்து பார்த்தபடி நடந்து வாருங்கள். முன்பு வெட்டிய வேல், வாகை, வேம்பின் அடிக்கட்டை மண்ணுக்குள் உயிரோடு இருக்கும். முழங்கால் உயரப் புதர் மாதிரி தெரியும். ஆடு கடிக்கக் கடிக்க அது அந்த உயரத்தைத் தாண்டாது. நேராக வரும் இரண்டு மூன்று துளிரை மட்டும் விட்டு, மற்றதைக் கழித்து, சுற்றிலும் முள் கட்டுங்கள். வேர் ஏற்கெனவே ஆழத்தில் இருப்பதால் தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை. ஆப்பிரிக்காவின் நைஜர் நாட்டில் டோனி ரினாவ்டோ என்ற ஆஸ்திரேலிய வேளாண் அறிஞர் 1983-இல் இதே மாதிரிக் கட்டைகளைக் கவனித்துச் சொல்ல, விவசாயிகள் ஏறக்குறைய 50 லட்சம் ஹெக்டேரில் மரங்களை மீட்டார்கள். பெரும்பாலும் நட்டதில்லை, இருந்ததைக் காப்பாற்றியதுதான்.

அப்புறம், நிலத்தை நாலாகப் பிரித்து மாற்றி மாற்றி மேயவிடுங்கள். புல்லின் தழையில் பாதிக்கு மேல் போனால் வேர் வளர்வது குறைந்துவிடும். அதற்குள் ஆட்டை அடுத்த பாகத்துக்கு ஓட்டிவிட வேண்டும். துளிர் விட்டிருக்கும் பாகத்தில் நுனி ஏழடி தாண்டும்வரை ஆடு போகவே கூடாது. வெள்ளாடு பின்னங்காலில் நின்று எட்டிவிடும். அங்கே புல்லை அறுத்து வந்து பட்டியில் போடுங்கள்.

கறவைமாடு:
அண்ணன் சொன்னதோடு வேலி ஓரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மழை தொடங்கும்போது கிளைரிசிடியா என்ற தழைமரத்தின் போத்துகளை நெருக்கமாக நட்டால் வேலியும் ஆச்சு, தழையும் ஆச்சு. பழக்கமில்லாத ஆடு பச்சையாகப் போட்டால் முகர்ந்துவிட்டு விலகிவிடும். ஒரு நாள் வாடவிட்டுப் போடுங்கள், தின்னும். சூபாபுல் (சவுண்டல்) மரத்தழையில் புரதம் அதிகம், ஆனால் மொத்தத் தீவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். அதிலுள்ள மைமோசின் என்ற நச்சுப்பொருள் அளவு மீறினால் முடி கொட்டும்.

தடிமரத்தை நம்பி வருமானக் கணக்குப் போடாதீர்கள், அதற்கு வருஷக்கணக்கில் ஆகும். முதலில் மிஞ்சுவது வாங்காமல் விட்ட தீவனக் காசு. நான் அதை நோட்டில் தனியாகவே எழுதி வருகிறேன். இன்னொன்றும் இருக்கிறது: குடற்புழுக்களின் இளம்பருவம் ஈரப் புல்லின் அடிப்பகுதியில்தான் அதிகம். உயரத்தில் தொரட்டியால் ஒடித்த தழையைத் தின்னும் ஆட்டுக்குக் குடற்புழுத் தொல்லை குறையும், மருந்துச் செலவும் குறையும்.

மேட்டுநிலம்:
நன்றி. நாலாகப் பிரிக்க வேலிக்குப் பணம் இல்லையே?

பட்டிக்காரர்:
வேலி வேண்டாம் தம்பி. உங்கள் வீட்டில் ஆடு ஓட்டுவது யாரோ, அவரைக் கூட்டிப்போய் எல்லையைக் காட்டுங்கள். எந்தப் பாகம் முதலில் மீளும் என்று அவருக்குத்தான் நன்றாகத் தெரியும், அவர் பேச்சைக் கேட்டு வரிசை போடுங்கள். அதோடு கோடைக்கு முன்பே கிடாக்குட்டிகளை விற்று எண்ணிக்கையைக் குறையுங்கள். எலும்பும் தோலுமான பிறகு கொண்டுபோனால் கேட்ட விலைக்கு யாரும் வாங்க மாட்டார்கள்.