பழைய சோடியத்தை எப்படி அப்புறப்படுத்துவது?

வேதியியல் ஆசிரியர்களே, ஒரு உதவி. எங்கள் பள்ளி ஆய்வகத்தில் சோடியம் வைத்திருந்த பாட்டிலில் மண்ணெண்ணெய் பாதிக்குமேல் வற்றிவிட்டது. வெளியே தெரிந்த இரண்டு துண்டுகளில் வெள்ளையும் மஞ்சளுமாகப் பொருக்கு தட்டியிருக்கிறது. புது மண்ணெண்ணெய் ஊற்றி மூழ்க வைத்திருக்கிறேன்.

தண்ணீரில் போட்டு அழிக்கும் பேச்சே வேண்டாம். சோடியம் 98 டிகிரியிலேயே உருகிவிடும், வெளிவரும் ஹைட்ரஜனும் தீப்பிடிக்கும். போன வருடம் மிளகு அளவுத் துண்டு போட்டேன். உருண்டையாகித் தண்ணீர் மேல் சீறிக்கொண்டு ஓடியது, கடைசியில் படாரென்று தெறித்தது. முன்வரிசைப் பிள்ளைகள் பதறிவிட்டார்கள்.

ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் சிறு துண்டுகளாகப் போட்டால் மெதுவாகக் கரையும். நேரில் செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்: அந்தப் பொருக்கை என்ன செய்தீர்கள்? மிச்சமான காரக் கரைசலை எப்படிச் சமன்படுத்தினீர்கள்? பள்ளி திறப்பதற்குள் முடித்தாக வேண்டும்.