1613-இல் ஒரு சிலிண்டர் மட்டும் கம்ப்ரஷன் இல்லை: தை அறுவடை லோடு முடியும்வரை ஓட்டலாமா?

புதுவயல் லோடு:
வணக்கம். வண்டி டாடா 1613, 697 டர்போ இன்ஜின், இன்லைன் டீசல் பம்ப். புதுவயல் ஆலைகளில் அரிசி ஏற்றி திருச்சி, மதுரை ஓட்டம். காலையில் ஸ்டார்ட் பண்ணினால் கண்ணெரிகிற மாதிரி வெள்ளைப் புகை. சூடான பிறகு புகை குறையுது, ஆனால் சிலோவில் (ஆக்சிலரேட்டர் மிதிக்காமல் ஓடும்போது) மிஸ் (ஒரு சிலிண்டர் எரியாமல் இன்ஜின் தடுமாறுவது) நிற்கவே இல்லை. லோடோடு பாலம் ஏறும்போது ஒரு கியர் கூடுதலா இறக்க வேண்டியிருக்கு. ஆயில் கேஜில் அளவு குறையாமல் லேசா ஏறியிருக்கு. காரைக்குடியில் ஒரு பட்டறையில் ஆறு லைனர் கிட்டும் (சிலிண்டர் உள்குழாய், பிஸ்டன், ரிங் சேர்ந்த செட்) மாற்றணும் என்கிறார்கள். இன்னொரு இடத்தில் கெட்டி ஆயில் ஊற்றி ஓட்டு என்கிறார்கள். தை அறுவடை லோடு நடக்கிற நேரம், வண்டியை நிறுத்தினால் பிழைப்பு போச்சு. எது சரி?

நாசில் டெஸ்டர்:
ரெண்டையும் இப்போ செய்யாதீங்க. எந்த சிலிண்டர், ஏன் போச்சு, இந்த ரெண்டும் தெரியாமல் காசு போடக் கூடாது.

இன்ஜினை சூடாக்கி சிலோவில் விட்டு, நாசில் (சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கிறது) மேலே வரும் ஹை பிரஷர் பைப் நட்டை 17 ஸ்பேனரில் ஒவ்வொன்றா அரைச் சுற்று தளர்த்திப் பாருங்க. நல்ல சிலிண்டரைத் தளர்த்தினால் இன்ஜின் சத்தம் இறங்கும். எதைத் தளர்த்தியும் சத்தம் மாறலையோ, அதுதான் செத்த சிலிண்டர். கையுறை போட்டுக்கோங்க. பைப்பில் அடிக்கிற டீசல் தோலுக்குள்ளேயே பாயும். நட்டைச் சுற்றி துணி கட்டி வையுங்க, சூடான டர்போ மேலே சிந்தினால் தீப்பிடிக்கலாம்.

அடுத்து அந்த நாசிலைப் பக்கத்து சிலிண்டர் நாசிலோடு மாற்றிப் போடுங்க. ரெண்டுக்கும் புது செம்பு வாசர் கட்டாயம். பழையதைத் திரும்பப் போட்டால் அதிலேயே கம்ப்ரஷன் கசிந்து சோதனை குழம்பிவிடும். மிஸ் கூடவே நகர்ந்தால் கோளாறு நாசிலில், டெஸ்டரில் ஏற்றி பிரஷரும் ஸ்பிரேயும் சரிபார்த்தால் முடிந்தது. நகரவில்லை என்றால் கோளாறு உள்ளே. அப்போ முதலில் டேப்பட் அளவை, அதாவது வால்வுக்கு மேலே விடுகிற இடைவெளியைப் பாருங்க. ஒரு வால்வு இறுகி மூடாமல் நின்றாலே இதே அறிகுறி வரும், அதைச் சரிசெய்ய ஃபீலர் கேஜ் ஒன்று போதும்.

புதுவயல் லோடு:
பார்த்தாச்சு அண்ணே. அஞ்சாவது சிலிண்டர். நாசில் மாற்றியும் மிஸ் அங்கேயே இருக்கு. டேப்பட் சரியா இருக்கு.

செம்மண் சாலை:
அப்போ காற்று ஊதிப் பாருங்க. ஸ்பூன் கணக்கில் ஆயில் விட்டு கம்ப்ரஷன் பார்க்கும் முறையை டீசலில் நம்ப முடியாது. ஆயில் பிஸ்டன் தலையில் இருக்கிற குழியில் தேங்கிவிடும், ரிங்குக்குப் போகாது. கொஞ்சம் கூடினால் பிஸ்டன் மேலேறும்போது ஆயிலுக்கு இடமில்லாமல் கனெக்டிங் ராடு வளையும்.

ஃபயரிங் ஆர்டர் 1-5-3-6-2-4. அஞ்சுக்கு ஜோடி ரெண்டு. இன்ஜினை மெல்லச் சுற்றி, ரெண்டாவது சிலிண்டரில் எக்ஸாஸ்ட் வால்வு மூடி இன்லெட் திறக்கத் தொடங்குகிற இடத்தில் நிறுத்தினால், அஞ்சு மேலே நிற்கும், ரெண்டு வால்வும் மூடியிருக்கும். கியரில் போட்டு சக்கரத்துக்குக் கட்டை வையுங்க. காற்று போனதும் இன்ஜின் சட்டெனத் திரும்பும், விசிறிப் பக்கம் கையிருந்தால் விரல் போகும். நாசில் ஓட்டைக்கு அடாப்டர் போட்டு டயர் கடை கம்ப்ரசரில் 5, 6 பார் கொடுங்க. காற்று ஏர் ஃபில்டர் பக்கம் சீறினால் இன்லெட் வால்வு. சைலன்சரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு எரிந்திருக்கு. ஆயில் ஊற்றும் வாயில் வந்தால் ரிங் அல்லது லைனர். ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட், இல்லை ஹெட்டில் விரிசல். முதல் ரெண்டுக்கும் ஹெட்டை மட்டும் இறக்கினால் போதும், லைனர் கிட் பேச்சே வேண்டாம்.

புதுவயல் லோடு:
ஆயில் வாயில்தான் பலமா வருது. மற்ற சிலிண்டர்களிலும் ஊதிப் பார்த்தோம், அங்கே லேசாத்தான் கசியுது. லோடு முடியும்வரை எப்படி ஓட்டறது?

லோடு புக்கிங்:
தம்பி, முதலில் ஆயில் கேஜ் விஷயம். அளவு ஏறுது என்றால், எரியாத டீசல் லைனர் சுவரில் இருக்கிற ஆயிலைக் கழுவிக்கொண்டு சேம்பரில் (இன்ஜின் அடியில் ஆயில் நிற்கும் தொட்டி) இறங்குது. அந்த நீர்த்த ஆயிலில் ஓட்டினால் அடுத்து மெயின் பேரிங், அப்புறம் டர்போ. இன்ஜின் தானே ஆயிலை இழுத்துக் குடித்து நிற்காமல் பாயவும் வழி உண்டு. ஆகவே ஆயிலும் ஃபில்டரும் உடனே மாற்றணும். கெட்டி ஆயில் வேண்டாம். தேய்ந்த ரிங்கை அது அடைக்காது, காலைக் குளிரில் பேரிங்குக்குப் போய்ச் சேரத்தான் தாமதமாகும். 15டபிள்யூ40 போதும்.

அந்த சிலிண்டரில் இடிக்கிற சத்தம் துளியும் இல்லை என்றால் மட்டும், டீசலை அதற்குப் போகவிடாமல் திருப்பி ஓட்டலாம். சத்தம் இருந்தால் பிஸ்டன் உடைஞ்சிருக்கலாம், ரிங் துண்டு லைனரைக் கிழிச்சிருக்கலாம். அப்போ ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டக் கூடாது, கட்டியிழுத்துத்தான் போகணும்.

திருப்பறதில் பலர் செய்கிற தப்பு, பம்ப் வாயைப் போல்ட் போட்டு அடைப்பது. இன்லைன் பம்பில் பிளஞ்சர் ஒவ்வொரு சுற்றிலும் டீசலைத் தள்ளியே தீரும். போக வழியில்லை என்றால் பிளஞ்சரோ, ரோலரோ, கேமோ உடையும், பம்ப் செலவு லைனர் செலவை மிஞ்சும். அஞ்சாவது பைப்பைக் கழற்றி, பம்ப் வாயிலிருந்து டீசல் தாங்கும் ஹோசில் நேராக டேங்குக்குக் கொண்டுபோய் விடுங்க, ரெண்டு முனையிலும் கிளிப் போட்டு. நாசிலின் மெல்லிய ரிட்டர்ன் லைனில் சேர்க்காதீங்க, அது அந்த அளவைத் தாங்காது. ஹோஸ் மேனிஃபோல்டையும் டர்போவையும் தொடாமல் போகணும். நாசிலை இடத்திலேயே விட்டு, வாயை மூடி வையுங்க, புழுதி போகக் கூடாது.

இப்படி ஓட்டும்போது பவர் ஆறில் ஒரு பங்குக்கு மேலேயே குறையும், செத்த பிஸ்டனையும் மற்ற அஞ்சும் சேர்ந்து இழுக்கணுமில்லையா. லோடைக் குறைங்க, ஏற்றத்தில் முன்கூட்டியே கியர் இறக்குங்க. அதிர்வு கூடும், இன்ஜின் மவுண்டிங் ரப்பரையும் கிளட்ச் ஸ்பிரிங்கையும் பாருங்க. தினமும் ஆயில் அளவு பாருங்க, குறையும். இன்ஜின் உள்காற்று வெளியே வருகிற பிரீதர் பைப்பில் புகை கூடினாலோ, கேஜ் கம்பி தானே மேலே எழும்பினாலோ, அத்தோடு நிறுத்திடுங்க. எஃப்.சி. (வண்டித் தகுதிச் சான்று) தேதி அருகில் இருந்தால் இந்த நிலையில் கொண்டுபோகாதீங்க.

செம்மண் சாலை:
மற்ற அஞ்சும் நல்லா இருந்தால் ஒன்றை மட்டும் சேசிசிலேயே வைத்து மாற்றலாம், இன்ஜினை இறக்க வேண்டாம். ஹெட்டையும் சேம்பரையும் கழற்றி, லைனர் மேல்முனையில் தேய்மானத்தால் வந்திருக்கும் விளிம்பைச் சுரண்டிவிட்டு, பிஸ்டனை மேலே தள்ளி எடுங்க. சுரண்டாமல் தள்ளினால் ரிங் பள்ளம் உடையும். போர் கேஜ் (உள்விட்டம் அளக்கும் கருவி) வைத்து மேலே, நடுவே, கீழே, ரெண்டு திசையிலும் அளங்க.

புது பிஸ்டன் எடை பழையவற்றோடு ஒத்திருக்கணும், தராசில் வைத்துப் பார்த்து வாங்குங்க. இந்த இன்ஜின் போர் (சிலிண்டர் உள்விட்டம்) 97 மி.மீ. ரிங்கை லைனருக்குள் நேராக இறக்கி இடைவெளி பார்த்தால் 0.30-லிருந்து 0.45 மி.மீ.க்குள் நிற்கணும். லைனரைப் பிரஸ் கருவி வைத்துத்தான் ஏற்றணும். சுத்தியலால் அடித்தால் கோணும், புது ரிங்கும் சீக்கிரம் போகும். அந்த ராடுக்குப் பேரிங் ஜோடியும் புது போல்ட்டும் போடுங்க. ஹெட்டை இறக்கினதும் விரிசல் சோதனை பண்ணி, புது கேஸ்கெட் வைத்து, நடுவிலிருந்து வெளியே போகும் வரிசையில் படிப்படியா டார்க் கொடுங்க.

ஊருணிக்கரை:
அஞ்சு மட்டும் ஏன் போச்சு என்பதைத் தேடாமல் மூடிடாதீங்க. ரெண்டு இடம் பார்க்கணும்.

முதலாவது தண்ணீர். நம்ம பக்கம் ஆழ்குழாய் போர் தண்ணீர் உப்பு. அதையே வருஷக்கணக்கில் ரேடியேட்டரில் ஊற்றினால், தண்ணீர் ஓட்டம் குறைவா இருக்கிற பின்பக்கச் சிலிண்டர்களைச் சுற்றி வெள்ளைப் படிவு கெட்டியாகும். அங்கே சூடு இறங்காது, ரிங் ஒட்டிக்கொள்ளும். லைனரைக் கழற்றும்போது தண்ணீர் வழியைத் திறந்து பார்த்து, படிவு இருந்தால் முழுசா சுரண்டிக் கழுவணும். அப்புறம் டிஸ்டில்டு வாட்டரும் கூலண்ட்டும். அவசரத்துக்கு மழைத் தண்ணீரோ, வடிகட்டின ஊருணித் தண்ணீரோ போர் தண்ணீரைவிட எவ்வளவோ மேல்.

ரெண்டாவது ஏர் ஃபில்டரிலிருந்து டர்போ வரை போகிற ரப்பர் ஹோஸ். அடிப்பக்கம் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருக்கும். கழற்றி உள்ளே விரல் விட்டுத் தடவுங்க, சிவப்புத் தூசி ஒட்டினால் ஃபில்டரைத் தாண்டி செம்மண் போகுது என்று அர்த்தம். அப்படி இருந்தால் மற்ற அஞ்சும் தேய ஆரம்பித்திருக்கும், லைனரை அளந்துவிட்டுத்தான் ஒன்று மாற்றறதா ஆறும் மாற்றறதா என்று முடிவெடுக்கணும்.

பழைய நாசிலையும் டெஸ்டரில் பார்க்காமல் புது பிஸ்டன் மேலே போடாதீங்க. மிஸ் நகராததால் மட்டும் அது நல்லதாகிடாது. சொட்டுகிற நாசில் பிஸ்டன் தலையை ஓட்டை போட்டுவிடும்.

புதுவயல் லோடு:
ஹோஸ் அடியில் சிவப்புத் தூசி ஒட்டுது. ஹோஸை மாற்றிட்டு, பைப்பை டேங்குக்குத் திருப்பி, பாதி லோடுதான் ஏற்றப் போறேன். லோடு முடிந்ததும் ஹெட்டைக் கழற்றி ஆறையும் அளந்துட்டு அளவுகளை இங்கே போடறேன்.

செம்மண் சாலை:
போடும்போது மேல், நடு, கீழ் அளவுகளைத் தனித்தனியா போடுங்க தம்பி. மேலும் கீழும் 0.15 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் காட்டுகிற லைனர் எதையும் திரும்ப மூட வேண்டாம்.