தீயில் தப்பிய ஜன்னலைக் கழற்றலாமா?

கொத்துக்கல்: பாரிஸ் நோட்ரே டாம் பேராலயத்தில் 2019இல் பிடித்த தீ தெற்குப் பக்கச் சிற்றாலயங்களின் கண்ணாடிகளை ஒன்றும் செய்யவில்லை. 19ஆம் நூற்றாண்டில் கட்டடக் கலைஞர் வியோலே-லெ-டுக் மேற்பார்வையில் செய்தவை அவை. ஆனாலும் அதில் ஆறு சிற்றாலயங்களில் ஓவியர் கிளேர் தபூரே வரைந்த புது ஜன்னல்களை வைக்க முடிவாகிவிட்டது. பிரான்சின் பாரம்பரிய ஆணையம் 2024இல் ஒருமனதாக வேண்டாம் என்றது, எதிர்ப்பு மனுவில் லட்சம் பேருக்கு மேல் கையெழுத்து. புதுக் கலை மேல் எனக்குக் கோபமில்லை. நன்றாக இருப்பதை எடுத்துவிட்டுத்தான் அதை வைக்க வேண்டுமா?

நீலநிழல்: வேண்டாம். காலியாக இருந்த இடத்தில் வைத்தால் எப்படி இருக்கும் என்பதற்கு கொலோன் பேராலயம் இருக்கிறது. தெற்குப் பெரிய ஜன்னல் இரண்டாம் உலகப் போரில் போனது, பிறகு வெறும் கண்ணாடி போட்டு கண் கூசியது. 2007இல் ஓவியர் கெர்ஹார்ட் ரிக்டர் அங்கே 72 நிறங்களில் பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட கண்ணாடிச் சதுரங்களை அடுக்கினார், எது எங்கே என்பதைப் பெரும்பாலும் கணினியே குலுக்கிப்போட்டது. மசூதிக்குத்தான் பொருந்தும் என்றார் அப்போதைய கொலோன் பேராயர் கர்தினால் மைஸ்னர். நான் போன அன்று மேகம் விலகியதும் தரையெல்லாம் நிறம், யாரோ தள்ளிப்போன குழந்தை வண்டியின் துணி முழுக்கச் சிவப்பும் பச்சையும். உருவம் ஒன்றுகூட இல்லை, ஆனாலும் எல்லாரும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

சுண்ணாம்பு: காலி இடம் என்றால் சரி, கழற்றினால் தப்பு என்று அவ்வளவு சுலபமாகச் சொல்ல முடியாது. லண்டன் வால்புரூக் புனித ஸ்டீபன் தேவாலயத்தில் சிற்பி ஹென்றி மூரின் வட்டக் கல் பலிபீடத்தைக் குவிமாடத்துக்கு நேர் கீழே வைத்தார்கள். கிண்டலாக அதற்கு ஒரு சீஸ் பெயர்கூட உண்டு, கமம்பேர். வழக்கு திருச்சபை நீதிமன்றம் வரை போய் 1987இல் அனுமதி கிடைத்தது. கட்டடக் கலைஞர் கிறிஸ்டோபர் ரென் கட்டிய சுவரில் யாரும் கைவைக்கவில்லை, ஆனால் எல்லாரும் கிழக்கு பார்த்து உட்கார்ந்த இடத்தில் இப்போது பீடத்தைச் சுற்றி உட்கார்கிறார்கள், அதாவது கட்டடத்தின் திசையே மாறிப்போனது. ஜன்னல் மாற்றுவதைவிட இது பெரிய மாற்றம் இல்லையா?

மெழுகுத்திரி: நாளைக்கு எடுத்துவிட முடிந்தால் எனக்குச் சரி. 2014இல் லண்டன் புனித பவுல் பேராலயத்தில் வீடியோ கலைஞர் பில் வயோலாவின் நான்கு வீடியோ திரைகள் வந்தன, தியாகிகளைப் பற்றியது, சத்தமே கிடையாது. நல்லவேளை. அந்தக் கட்டடமே முணுமுணுத்துக்கொண்டுதான் இருக்கும்.

நீலநிழல்: அப்புறம் ஒன்று, வியோலே-லெ-டுக் போட்டதும் ஒரு காலத்தில் புதுசுதான்.

கொத்துக்கல்: அது உண்மைதான், நான் அதை யோசிக்கவில்லை. ஆனால் கழற்றியதைக் காட்சிக்கு வைப்பார்களாம், அதுதான் உறுத்துகிறது. தெற்கு வெயிலுக்கென்று செய்த கண்ணாடி அது, பின்னால் விளக்கைப் போட்டு எதைப் பார்ப்பது?