ஆன்டிமால்வேர் சர்வீஸ் சிபியூவைத் தின்கிறது, காலையில் பில் போட முடியவில்லை

ராமேஸ்வரம் கணக்குப்பிள்ளை:
மீன் கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன். விண்டோஸ் 11, 8 ஜிபி ராம், பழைய ஹார்டு டிஸ்க். திங்கள், புதன், சனி கடலுக்குப் போகும் விசைப்படகுகள் மறுநாள் காலை கரை வரும். இறால், நண்டு, கணவாய், சங்காயம் என்று எடை போடப் போட பில் அடிக்க வேண்டும். சரியாக அப்போதுதான் கணினி படுத்துக்கொள்கிறது. டாஸ்க் மேனேஜரில் பார்த்தால் ‘ஆன்டிமால்வேர் சர்வீஸ் எக்ஸிகியூட்டபிள்’ சிபியூவில் பாதிக்கு மேல் எடுக்கிறது. எண்ட் டாஸ்க் கொடுத்தால் அனுமதி இல்லையாம். இது வைரஸா?

மண்டபம் பையன்:
வைரஸ் இல்லை அண்ணே, விண்டோஸோடு வரும் வைரஸ் காவல், டிஃபெண்டர். விண்டோஸின் அமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஒரு வரி சேர்த்து அணைத்துவிடுங்கள். தொல்லை விட்டது.

கீழக்கரை கம்ப்யூட்டர் கடை:
தம்பி, அந்த வித்தை 2020-லேயே செல்லாமல் போய்விட்டது. அந்த வரியை டிஃபெண்டர் இப்போது கண்டுகொள்வதே இல்லை. ரியல்டைம் புரொடெக்ஷன் என்ற உடனடிக் காவலை அணைத்தாலும் கொஞ்ச நேரத்தில் தானாக எழுந்துகொள்ளும். தவிர, கண்ட பென் டிரைவும் வாட்ஸ்அப் இன்வாய்ஸும் வந்து போகிற கணினியில் காவலை எடுக்கச் சொல்லலாமா?

கணக்குப்பிள்ளை, டிஃபெண்டரின் வேலை இரண்டு வகை. ஒன்று, குறித்த நேரத்தில் டிஸ்கைத் துழாவும் ஸ்கேன். இரவில் கணினியை அணைத்துவிட்டால் அது பகலுக்குத் தள்ளிப்போகும். இன்னொன்று, எந்த நிரல் எந்தக் கோப்பைத் தொட்டாலும் நடக்கும் உடனடிச் சோதனை. உங்களுக்குச் சுமை கொஞ்ச நேரம் இருந்துவிட்டுக் குறைகிறதா, நாள் முழுக்க நிற்கிறதா?

ராமேஸ்வரம் கணக்குப்பிள்ளை:
நாள் முழுக்க இருக்கிறது காக்கா. காலையில் ரொம்ப மோசம்.

கீழக்கரை கம்ப்யூட்டர் கடை:
அப்போ இரண்டாவது வகைதான். எந்தக் கோப்பு என்று டிஃபெண்டரிடமே கேட்கலாம். கட்டளை தட்டும் பவர்ஷெல்லை அட்மினாகத் திறந்து ‘நியூ எம்பி பெர்ஃபார்மன்ஸ் ரெக்கார்டிங்’ கட்டளையை ஓடவிடுங்கள் (நியூ-வுக்குப் பிறகு ஒரு கோடு, மற்றதெல்லாம் ஆங்கிலத்தில் சேர்த்து). பதிவு போய்ச் சேர வேண்டிய கோப்பின் பெயரை ‘ரெக்கார்ட்டூ’ என்று கொடுக்க வேண்டும். பில் போடும் நேரத்தில் சில நிமிடம் ஓடட்டும், அப்புறம் என்டர். பிறகு ‘கெட் எம்பி பெர்ஃபார்மன்ஸ் ரிப்போர்ட்’டில் ‘டாப்ஃபைல்ஸ்’, ‘டாப்பிராசஸஸ்’ கேட்டால் அதிக நேரம் தின்ற கோப்பும் நிரலும் வரிசையாக வரும்.

ராமேஸ்வரம் கணக்குப்பிள்ளை:
பார்த்தேன். மேலே நிற்பதெல்லாம் கேமராப் பதிவுகள்! எடைக்கொட்டகையில் மாட்டிய சிசிடிவி, இந்தக் கணினியில்தான் துண்டு துண்டாகச் சேமிக்கிறது. பில் போடும் டாலி கீழே எங்கேயோ இருக்கிறது. பதிவுகள் இருக்கும் டி டிரைவையே சோதனையிலிருந்து விலக்கிவிடலாமா?

கீழக்கரை கம்ப்யூட்டர் கடை:
டிரைவ் முழுக்க வேண்டாம். அந்தப் பதிவுகள் விழும் ஃபோல்டர் மட்டும் போதும். விண்டோஸ் செக்யூரிட்டி, வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்ஷன், மேனேஜ் செட்டிங்ஸ், கீழே எக்ஸ்க்ளூஷன்ஸ். டவுன்லோட்ஸ் ஃபோல்டரையும் பென் டிரைவையும் எந்தக் காரணத்துக்காகவும் அதில் சேர்க்காதீர்கள். பதிவு ஃபோல்டரில் வேறு எதையும் போட்டு வைக்கவும் கூடாது, அங்கே டிஃபெண்டர் எட்டிப் பார்க்காது. முடிந்தால் கேமராவுக்குத் டிவிஆர் என்ற தனிப் பதிவுப் பெட்டி வாங்கிவிடுங்கள். பில் போடுகிற கணினிக்கு எதற்கு அந்தச் சுமை?

தொண்டி மெக்கானிக்:
இடையில் ஒன்று. மூடியைத் திறந்து ஃபேனைப் பாருங்கள். நம் கரையில் உப்புக் காற்று. சிபியூ சூட்டை வெளியேற்றும் ஹீட்சிங்க் தகட்டில் வெள்ளையாகப் பொடி பூத்து, தூசி ஈரத்தோடு அப்பிக் கிடக்கும். சூடேறினால் சிபியூ வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அப்புறம் சின்ன ஸ்கேனும் மலையாகத் தெரியும். பழைய ஹார்டு டிஸ்க்கை எஸ்எஸ்டி ஆக்கினாலே பாதி நோய் போகும்.

ராமேஸ்வரம் கணக்குப்பிள்ளை:
ஃபோல்டரை விலக்கிவிட்டேன், இன்று பில் தடங்கல் இல்லாமல் ஓடியது. ஃபேன் நீங்கள் சொன்ன கோலத்தில்தான் இருக்கிறது, ஞாயிறு மதியம் கழற்ற வேண்டும். குறித்த நேர ஸ்கேனை மாற்ற முடியுமா?

கீழக்கரை கம்ப்யூட்டர் கடை:
டாஸ்க் ஷெட்யூலரில் மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், விண்டோஸ் டிஃபெண்டர் என்று உள்ளே போனால் ‘ஷெட்யூல்டு ஸ்கேன்’ இருக்கும். ட்ரிகர்ஸில் புதன், சனி மதியம் போடுங்கள், படகெல்லாம் கடலில் இருக்கும் நேரம். ‘ஸ்கேன் ஆவரேஜ் சிபியூ லோட் ஃபேக்டர்’ என்று பவர்ஷெல்லில் ஓர் அளவும் உண்டு. ஸ்கேன் சிபியூவில் எத்தனை சதவீதம் எடுக்கலாம் என்பது அது. இயல்பாக 50, நீங்கள் 20 வைக்கலாம். அது சராசரிதான், நடுவில் ஏறி இறங்கும். உடனடிச் சோதனையை அது கட்டுப்படுத்தாது.